கஞ்சி போட்ட இரண்டு ரூபாய்

சேலத்தில் ஒரு கல்யாண மண்டபம். அன்று முகூர்த்தம் எதுவும் இல்லை. பந்தி மேசைகளில் வெள்ளைத் துணி விரித்துப் பழைய காசுகளையும் நோட்டுகளையும் பரப்பி வைத்திருந்தார்கள். நான் போனது செம்புக் காசு பார்க்க. சட்டைப் பையில் ஒரு துண்டுச் சீட்டு வேறு: இன்னின்னது வாங்கலாம், இதற்கு இவ்வளவுக்கு மேல் கொடுக்கக் கூடாது. அந்தச் சீட்டில் காகித நோட்டு ஒன்றுகூட இல்லை.

மூன்றாவது மேசைக்காரர் என் முகத்தைப் பார்த்தே ஏதோ கண்டுகொண்டிருக்க வேண்டும். ஆல்பத்தைப் புரட்டி, ஊதா நிற நோட்டு ஒன்றை என் பக்கம் திருப்பி வைத்தார். இரண்டு ரூபாய். பக்கவாட்டில் பார்க்கும் ஆறாம் ஜார்ஜ் மன்னர். கீழே ஜே.பி. டெய்லர் என்ற கையெழுத்து.

"சார், இது செத்தவர் போட்ட கையெழுத்து. கேள்விப்பட்டிருக்கீங்களா?"

கேள்விப்பட்டதில்லை. அவர் சொன்னார். நான்கு நிமிடம்கூட ஆகியிருக்காது; செல்போனை நீட்டி, கட்டத்தை ஸ்கேன் செய்து, 2,800 ரூபாய் அனுப்பிவிட்டேன். ராசிபுரம் பஸ் மல்லூரைத் தாண்டும்போதுதான் நோட்டின் பின்பக்கத்தையே முதல்முறையாகத் திருப்பிப் பார்த்தேன். அதுவரை அதற்கு ஒரு பின்பக்கம் உண்டு என்ற நினைப்பே எனக்கு வரவில்லை.

வியாபாரி சொன்ன கதை பொய்யல்ல. ரிசர்வ் வங்கி 1935 ஏப்ரல் 1-இல் தொடங்கியது. முதல் ஆளுநர் ஆஸ்போர்ன் ஸ்மித் ஒரு நோட்டிலும் கையெழுத்துப் போடாமலே விலகிப் போனார். வங்கியின் பெயரில் முதல் நோட்டு, 5 ரூபாய், 1938 ஜனவரியில்தான் வந்தது. அதில் இருந்தது இரண்டாம் ஆளுநர் டெய்லரின் கையெழுத்து. அவர் பதவியில் இருக்கும்போதே 1943 பிப்ரவரி 17-இல் இறந்துபோனார். 2 ரூபாய் நோட்டு புழக்கத்துக்கு வந்ததோ அந்த ஆண்டு மார்ச் 3. முன்கூட்டியே அச்சாகியிருந்த நோட்டுகள் அவர் பெயரோடே வெளியே போயின. எல்லாம் சரிதான். ஆனால் இது போர்க்காலச் சில்லறைத் தட்டுப்பாட்டைச் சமாளிக்க வந்த நோட்டு; சந்தைக்கும் சம்பளத்துக்கும் கைமாறிப் புழங்கியது. செத்தவர் கையெழுத்து என்பதால் மட்டும் அது அரிதாகிவிடாது. கதை உண்மை, கதையிலிருந்து நான் ஊகித்துக்கொண்ட அருமைதான் என் கற்பனை.

அந்த நான்கு நிமிடத்தில் மண்டைக்குள் என்ன நடந்தது என்பதற்கு ஓரளவு விடை இருக்கிறது. 2007-இல் பிரையன் நட்சன் என்ற நரம்பியல் ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 26 பேரை ஸ்கேன் எந்திரத்துக்குள் படுக்க வைத்துக் கடை விரித்தார்கள். முதலில் பொருளின் படம் தெரியும். சில நொடி கழித்து விலை தெரியும். அதன் பிறகுதான் வாங்குவதா வேண்டாமா என்று பொத்தானை அழுத்த வேண்டும். பிடித்த பொருளைக் கண்டதும், விலை தெரிவதற்கு முன்பே, மூளையின் அடிப்பகுதியில் நியூக்ளியஸ் அக்கும்பென்ஸ் என்ற சிறு பகுதி சுறுசுறுப்பானது. விலை அநியாயமாக இருந்தால் இன்சுலா என்ற வேறொரு பகுதி விழித்துக்கொண்டது. நாற்றம், வலி, குமட்டல் இவற்றோடெல்லாம் தொடர்புள்ள இடம் அது. இந்தப் பகுதிகளின் ஏற்ற இறக்கத்தைப் பார்த்தே, பொத்தானை அழுத்துவதற்கு முன், அந்த ஆள் வாங்குவாரா மாட்டாரா என்று ஓரளவு சொல்ல முடிந்தது. நாம் "யோசிச்சு வாங்கினேன்" என்கிறோமே, அந்த யோசனையில் பாதி, ஆசைக்கும் குமட்டலுக்கும் நடக்கும் கயிறிழுப்பு.

ஆசைப் பக்கத்துக் கயிற்றை இழுப்பதில் டோபமைனுக்குப் பெரிய பங்கு. அதை 'இன்ப ரசாயனம்' என்று எழுதியே பத்திரிகைகள் பழக்கிவிட்டன. ஸ்விட்சர்லாந்தில் வொல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குரங்குகளிடம் கண்டது வேறு. பழச்சாறு எதிர்பாராமல் கிடைத்தால் டோபமைன் நரம்பணுக்கள் துள்ளின. விளக்கு எரிந்த பிறகு சாறு வரும் என்று குரங்கு பழகியபின், துள்ளல் விளக்குக்கு நகர்ந்துவிட்டது; சாறு வந்தபோது அவை பேசாமல் இருந்தன. எதிர்பார்த்த சாறு வராவிட்டால் இருந்த துடிப்பும் அடங்கியது. அதாவது அந்த அணுக்கள் ருசியை அளக்கவில்லை. 'நினைத்ததைவிட நன்றாக இருக்கிறதா' என்ற வித்தியாசத்தையே அளந்தன. சீட்டில் எழுதி வைத்துப் போன செம்புக் காசு கிடைத்திருந்தால், அது எதிர்பார்த்ததுதான், துள்ளல் குறைவு. சீட்டில் இல்லாத ஊதா நோட்டு, அதுவும் இறந்தவர் கையெழுத்தோடு, எனக்கு எதிர்பாராத சாறு. சேகரிப்பாளர்கள் பட்டியலோடு போய்ப் பட்டியலில் இல்லாததோடு திரும்புவது எல்லாக் கண்காட்சியிலும் நடப்பது. நான் அறிந்த ஒருவர் இதற்காகவே பட்டியல் எழுதுவதை விட்டுவிட்டார். மீறுவதற்கு ஒன்றும் இல்லை பாருங்கள் என்கிறார்.

குமட்டல் பக்கம் ஏன் தோற்றது? அதில் என் செல்போனுக்குப் பங்குண்டு. டிராஸன் பிரலெக், டங்கன் சிமெஸ்டர் இருவரும் 2001-இல் வெளியிட்ட ஒரு சோதனையில், கூடைப்பந்தாட்ட டிக்கெட்டை ஏலம் விட்டார்கள். ரொக்கமாகக் கட்ட வேண்டியவர்கள் கேட்ட விலையைவிட, கிரெடிட் கார்டில் கட்டலாம் என்றவர்கள் கேட்டது இரு மடங்குக்கும் மேல். பணம் கையைவிட்டுப் போவது கண்ணில் படாவிட்டால் வலியும் மழுங்குகிறது. ஆறு ஐந்நூறு ரூபாய்த் தாளை எச்சில் தொட்டு எண்ணி நீட்டியிருந்தால், ஐந்தாவது தாளிலாவது கை தயங்கியிருக்கும். காகிதப் பணத்தைக் காகிதப் பணம் இல்லாமல் வாங்கியதில் வந்த வினை.

இன்னொன்று, விலை. அந்த வியாபாரி இரண்டு ரூபாய் நோட்டைக் காட்டும் முன், பக்கத்துப் பக்கத்தில் 18,000 ரூபாய் என்று எழுதிய ஒரு நோட்டைக் கண்ணில் காட்டிவிட்டுத்தான் புரட்டினார். டான் ஏரியலியும் கூட்டாளிகளும் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்களிடம் அவர்களுடைய அரசு அடையாள எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்களை எழுதச் சொல்லிவிட்டு, ஒயினுக்கும் சாக்லேட்டுக்கும் எவ்வளவு தருவீர்கள் என்று கேட்டார்கள். பெரிய இலக்கக்காரர்கள் பெரிய விலை சொன்னார்கள். பொருளுக்கும் எண்ணுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. முதலில் மனத்தில் விழுந்த எண்ணைச் சுற்றியே பிறகு வந்த கணக்கெல்லாம் நடந்தது. பழைய நோட்டு என்பதோ உடம்பு முழுக்க எண் அச்சிட்ட பொருள். முகமதிப்பு ஓர் எண், வரிசை எண் ஓர் எண், வியாபாரி பென்சிலால் உறையில் எழுதியது இன்னோர் எண். எதைப் பிடித்துக்கொள்வது?

எங்கள் பக்கத்துப் பருத்தி வியாபாரிகள் இந்த விஷயத்தில் என்னைவிடக் கெட்டி. கொங்கணாபுரத்திலும் திருச்செங்கோட்டிலும் பருத்தி ஏலத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கோவை, திருப்பூர்ப் பக்கத்திலிருந்து வருபவர்கள் மூட்டைக்குள் கையை விட்டு ஒரு பிடி எடுப்பார்கள். இரண்டு கைக் கட்டைவிரல்களுக்கும் நடுவே பிடித்து இழுத்து இழையின் நீளம் பார்ப்பார்கள். உள்ளங்கையில் அழுத்தி ஈரம் பார்ப்பார்கள். விவசாயி தன் காட்டைப் பற்றிச் சொல்லும் கதையை மரியாதையாகக் கேட்டுக்கொள்வார்கள், அவ்வளவுதான். ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்களின் மறைமுக ஏலத்தில் விலையைச் சீட்டில் எழுதிப் போடுவதால், பக்கத்து ஆள் கத்தும் விலை காதில் விழுந்து வெறி ஏறவும் வழியில்லை. ஆனாலும் ஒரு பள்ளம் மிச்சம் இருக்கும். ஒரே குவியலுக்குப் பத்துப் பேர் மதிப்புப் போட்டால் சிலர் குறைத்தும் சிலர் கூட்டியும் போடுவார்கள். ஜெயிப்பது, எல்லாரையும்விட அதிகமாகத் தப்புக் கணக்குப் போட்டவராக இருக்க வாய்ப்பு அதிகம். எண்ணெய்க் கம்பெனிப் பொறியாளர்கள் மூவர், மெக்சிகோ வளைகுடாவில் எண்ணெய் வயல் ஏலம் எடுத்தவர்களுக்கு ஏன் லாபம் வரவில்லை என்று ஆராய்ந்து 1971-இல் எழுதியது இதைத்தான். 'வென்றவர் சாபம்' என்று பிறகு பெயராயிற்று. நோட்டு ஏலத்தில் என் கை மட்டும் தனியாக உயர்ந்து நின்ற தருணங்களை நினைத்தால் இப்போது கொஞ்சம் வயிற்றைக் கலக்குகிறது. மற்ற எல்லாருக்கும் தெரிந்த எதுவோ எனக்கு மட்டும் தெரியாமல் போயிருக்கலாம்.

வீட்டுக்கு வந்து நோட்டை மாமாவிடம் காட்டினேன். அவர் முப்பது வருடம் சேகோ பேக்டரியில் மாவுத் தொட்டிப் பக்கமே வேலை பார்த்தவர். கண்ணாடியைத் தேடவில்லை. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து ஒரு தேய் தேய்த்தார்.

"கஞ்சி போட்டிருக்குதுடா."

"எப்படிங்க மாமா சொல்றீங்க?"

"துணிக்கும் இதே மொடமொடப்புதான். தெளுவாக் காய்ச்சி ஊத்தி, இஸ்திரி போட்டிருக்கான்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. சேலத்தில் மரவள்ளிக் கிழங்கிலிருந்து மாவும் ஜவ்வரிசியும் எடுக்கத் தொடங்கியது 1943-இல். போரினால் வெளிநாட்டு ஸ்டார்ச் வரத்து நின்றுபோனதுதான் காரணம். நோட்டும் மாவும் ஒரே போருக்கு, ஒரே வருடத்தில் பிறந்தவை. எண்பது வருடம் கழித்து என் வீட்டுத் திண்ணையில் சந்தித்துக்கொண்டன.

கஞ்சி ஏன் போடுகிறார்கள் என்பது நோட்டின் தரத்தை எப்படிப் பிரிக்கிறார்கள் என்பதில் இருக்கிறது. கைபடாத நோட்டை யு.என்.சி. என்பார்கள், கொஞ்சம் மடிந்தது, புழங்கியது, நைந்தது என்று கீழே இறங்கும். ஒவ்வொரு படிக்கும் விலை மளமளவென்று சரியும். ஒரே நோட்டு, நடுவில் ஒரு மடிப்பு விழுந்ததற்காக மட்டும் பாதி விலைக்கு இறங்குவதுண்டு. ஆக, ஒரு கரண்டி மாவும் ஒரு இஸ்திரிப் பெட்டியும் இருந்தால் நோட்டை ஒரு படி மேலே ஏற்றிவிடலாம். இதைச் செய்தது என் வியாபாரிதான் என்று சொல்ல மாட்டேன். அவரிடம் வருவதற்கு முன் அது எத்தனை ஆல்பம் மாறியதோ.

நோட்டுத் தாள் சாதாரணத் தாள் இல்லை. பள்ளிபாளையத்தில் காவிரிக் கரையில் சேஷசாயி காகித ஆலை 1962 முதல் ஓடுகிறது. மரமும், பக்கத்து ஓடப்பள்ளிச் சர்க்கரை ஆலையின் கரும்புச் சக்கையும் அதற்குத் தீனி. மரத்திலும் சக்கையிலும் செல்லுலோஸ் இழைகளை ஒட்டிப் பிடித்திருக்கும் பசை ஒன்று உண்டு, லிக்னின். அதை வேக வைத்துக் கழுவி எடுத்தால்தான் நல்ல எழுதுதாள் கிடைக்கும். எடுக்காமல் அரைத்துச் செய்கிற செய்தித்தாள் வெயில் பட்டதும் மஞ்சளாகி நொறுங்கும். பருத்தியில் அந்தப் பசை கிட்டத்தட்ட இல்லை. அது இயற்கையாகவே ஏறக்குறைய சுத்தமான செல்லுலோஸ். இழையும் மர இழையைவிட நீளம், வலு. அதனால்தான் நோட்டை ஆயிரம் தடவை மடித்தாலும், சட்டையோடு சேர்த்துத் துவைத்தாலும் கிழியாமல் தாக்குப்பிடிக்கிறது. ஹோஷங்காபாத்தில் பணத்தாள் ஆலை 1968-இல் தொடங்கும்வரை நமக்கு நோட்டுத் தாள் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்தது. இன்று நோட்டுத் தாளுக்கு ஆகும் பஞ்சு, நூற்பாலைகளில் கோம்பர் எந்திரம் சீவித் தள்ளும் குட்டை இழை மாதிரியான கழிவுதான். நம்ம ஊர் மில்லில் தரையில் கிடப்பதும் நாளைக்குக் காந்தி படம் வாங்கக்கூடும் என்று நினைக்க நன்றாக இருக்கிறது.

பணத்தாளின்மேல் முகமும் எழுத்தும் பல சமயம் ஏறுவது, செதுக்கிய தகட்டில் பள்ளங்களில் மையை நிரப்பி, தாளைப் பெரும் அழுத்தத்தில் அதன்மேல் அமுக்கி. தாள் பள்ளத்துக்குள் கொஞ்சம் புகுந்து மையை வாரிக்கொண்டு வரும். அதனால் கோடுகள் மேடாக நிற்கும். விரலால் தடவினால் சொரசொரக்கும். பின்பக்கம் அதற்கு எதிரான சிறு குழிவு தெரியும். இஸ்திரி போட்டால் முதலில் சாவது இந்த மேடுதான். என் நோட்டின் பின்பக்கம் தட்டையாக, வழவழப்பாக இருந்தது. மல்லூரிலேயே கவனித்திருக்க வேண்டும். டோபமைன் அப்போதும் கொஞ்சம் மிச்சம் இருந்தது போல.

மடிப்பு போய்விட்டதா? போகாது. மடித்த இடத்தில் இழைகள் முறிந்திருக்கும். முறிந்த இழையை எந்த இஸ்திரியும் ஒட்ட வைக்காது. விளக்கை நேராகப் பிடிக்காமல், நோட்டின் ஓரத்தில் படுக்க வைத்தாற்போல் சாய்வாகப் பிடித்தேன். நடுவே செங்குத்தாக ஒன்று, குறுக்கே ஒன்று என்று பழைய மடிப்புகள் வரப்பு மாதிரி எழுந்து வந்தன. யாரோ சட்டைப் பையில் நான்காக மடித்து வைத்திருந்தார்கள். எதற்காகப் பத்திரப்படுத்தினார்களோ. அந்த இரண்டு ரூபாய்க்கு அன்றைக்கு ஒரு வீடே சமைத்துச் சாப்பிட்டிருக்கும்.

அடுத்தது புற ஊதா விளக்கு. கள்ளநோட்டுப் பார்க்கக் கடைகளில் வைத்திருப்பார்களே, அதுதான். நல்ல பணத்தாள் அதன்கீழ் மந்தமாக, இருட்டாகத்தான் இருக்கும். என் நோட்டு நீலமாக ஒளிர்ந்தது, கச்சேரி மேடையில் கலர் விளக்குக்கு அடியில் வெள்ளை வேட்டி ஒளிர்வதைப் போல. இரண்டுக்கும் காரணம் ஒன்றே. துணி பளிச்சென்று தெரியச் சோப்புத்தூளில் ஒளிர்வுப் பொருள் கலக்கிறார்கள். அது கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரை வாங்கி நீல ஒளியாகத் திருப்பித் தரும். இந்தச் சரக்கு சோப்பில் பரவியது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு. 1943 நோட்டில் அது பிறவியிலேயே இருக்க நியாயமில்லை. ஆக முதலில் துவைத்து, பிறகு கஞ்சி, பிறகு இஸ்திரி. ஒரு சலவைத் தொழிலாளியின் முழு உழைப்பும் அந்த நோட்டின்மேல் இருந்தது.

மரவள்ளி மாவு இந்த வேலைக்கு வெகு பொருத்தம். சூடான தண்ணீரில் மாவுத் துகள் ஊதி வெடித்து, உள்ளே சுருண்டிருந்த சங்கிலி மூலக்கூறுகள் வெளியே வந்து குழைகின்றன. காய்ந்ததும் அவை இழைக்கும் இழைக்கும் நடுவே படலமாகப் படிந்து விறைக்கும். கோதுமை, சோள மாவுக் கஞ்சி வெளுப்பாகத் திட்டுத் தெரியும். மரவள்ளிக் கஞ்சி கண்ணாடி போலத் தெளிவு. கண்ணுக்குத் தெரியாது, விரலுக்கும், மாமாவுக்கும் மட்டும்தான் தெரியும்.

ஒரு குறையை மட்டும் நான் குறை சொல்ல மாட்டேன்: இடது ஓரத்தில் இரண்டு சிறு ஓட்டை. இந்திய நோட்டுக் கட்டுகளை வங்கிகள் கம்பி குத்தித்தான் வைத்திருந்தன. 2001-இல்தான் ரிசர்வ் வங்கி அந்தப் பழக்கத்தை நிறுத்தச் சொன்னது. வெளிநாட்டுக்காரர் இந்த ஓட்டையைப் பார்த்து முகம் சுளிப்பார். நம் ஊரில் பழைய நோட்டில் ஓட்டையே இல்லையென்றால்தான் ஒரு கணம் சந்தேகப்பட வேண்டும். ஓட்டையைச் சுற்றிப் பழுப்பாகத் துருக்கறை இருக்கிறதா என்பது வேறு விஷயம். இரும்பு, செல்லுலோஸ் சங்கிலி அறுபடுவதை வேகப்படுத்தும்.

அருமை என்ற சொல்லுக்கு வருகிறேன். நாமக்கல், சேலம் பக்கத்திலிருந்து மலாயாத் தோட்டங்களுக்குப் போனவர்கள் உண்டு. அங்கே ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் அச்சடித்த 10 டாலர் நோட்டில் வாழைமரப் படம் இருக்கும். அவசரத்துக்கு அச்சடித்து அச்சடித்து, பிந்தைய நோட்டுகளில் வரிசை எண் போடவே விட்டுவிட்டார்கள். 1945-இல் ஜப்பான் சரணடைந்ததும் எல்லாம் வெறும் தாள். இன்றைக்கும் உலகெங்கும் ஏராளமாகக் கிடைப்பதால் மலிவு. ஆனால் "இரண்டாம் உலகப் போர், ஜப்பான், தாத்தா கொண்டுவந்தது" என்று மூன்று சொல் சேர்ந்தால் அதன் விலை கண்காட்சியில் பத்து மடங்காகும். பழமை வேறு, அருமை வேறு, கிராக்கி வேறு. மூளை மூன்றையும் ஒரே பெட்டியில் போட்டுவிடுகிறது.

மறுபக்கம், உண்மையிலேயே குறைவாக இருப்பவை பல சமயம் பார்வைக்குச் சாது. காந்தி நூற்றாண்டுக்காக 1969-இல் வந்த நோட்டுகளில், சேவாகிராம ஆசிரமத்தின் முன் காந்தி உட்கார்ந்திருக்கும் படம். அவற்றில் பி.என். அடார்கர் கையெழுத்து உள்ளவற்றைத் தேடி அலைபவர்கள் உண்டு. அவர் 1970 மே, ஜூனில் 42 நாள்தான் ஆளுநராக இருந்தார். படம் அதே, நிறம் அதே. கீழே இருக்கும் கிறுக்கலைப் படிக்கத் தெரிந்தவருக்கே வித்தியாசம். இதில் கதையைச் சொல்ல ஆள் வேண்டாம், அதனால் ஆசையும் சட்டென்று கிளம்பாது. டிராக்டர் ஓட்டும் உழவர் படம் போட்ட ஐந்து ரூபாய் இதற்கு நேர் எதிர். வாட்ஸ்அப்பில் அதற்கு லட்சக்கணக்கில் விலை சொல்லிச் சுற்றும் செய்தி இன்னும் ஓயவில்லை. அரிசி டப்பாவிலிருந்து அதை எடுத்துக்கொண்டு வந்து என்னிடம் கேட்டவர்களே நாலு பேர். ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் இந்த மாதிரி ஏமாற்றுகளை எச்சரித்து அறிக்கையே விட்டது: வங்கியின் பெயரைச் சொல்லிப் பழைய நோட்டு வாங்க விற்கக் கட்டணமும் வரியும் கேட்கிறார்கள், தன்னிடம் அப்படி ஒரு ஏற்பாடே இல்லை என்று. விற்கப் போகிறவருக்கும் அதே எதிர்பாராத சாறுதான். வாங்குகிறவனை மட்டும் பேராசைக்காரன் என்பது நியாயமில்லை.

சட்டமும் ஓரிடத்தில் குறுக்கே நிற்கும். 2016 நவம்பரில் செல்லாததாக்கிய 500, 1,000 ரூபாய்த் தாள்களை ஆசைக்குக் கட்டுக்கட்டாக வாங்கி அடுக்க முடியாது. 2017-இல் வந்த சட்டப்படி சாதாரணமாகப் பத்துத் தாள். ஆய்வுக்கோ சேகரிப்புக்கோ என்றால் இருபத்தைந்து. மீறினால் பத்தாயிரம் ரூபாய் அபராதம், அல்லது அந்தத் தாள்களின் முகமதிப்பைப் போல் ஐந்து மடங்கு, இரண்டில் எது அதிகமோ அது. எனக்குத் தெரிந்து திடீர் ஆசைக்கு எண் போட்டு வரம்பு கட்டிய சட்டம் இது ஒன்றுதான்.

நோட்டை நான் திருப்பிக் கொடுக்கவில்லை. கொடுக்கப் போயிருக்கலாம், அடுத்த கண்காட்சியிலும் அதே மேசைக்காரர் இருந்தார். ஒரு நண்பர் ஆல்பத்தைப் பார்த்துவிட்டு, "கஞ்சி போட்டதுன்னு தெரிஞ்சேதான் கேக்கறேன், ஆயிரத்து ஐந்நூறு தர்றேன்" என்றார். அந்த நிலைமைக்கு அது நல்ல விலை. மறுத்துவிட்டேன். டேனியல் கானமேன், ஜாக் நெட்ச், ரிச்சர்ட் தேலர் மூவரும் 1990-இல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்களில் பாதிப் பேருக்குக் காப்பிக் கோப்பை ஒன்றைச் சும்மா கொடுத்துவிட்டு விலை கேட்டார்கள். கோப்பை கிடைத்தவர்கள் விற்கக் கேட்ட விலை, கிடைக்காதவர்கள் வாங்கத் தர முன்வந்ததைவிட இரு மடங்குக்கும் மேல். கையில் வந்து சில நிமிடம்தான் ஆகியிருந்தது. எனக்கோ அப்போது எட்டு மாதம் ஆகியிருந்தது. அதற்குள் அந்த நான்கு மடிப்புச் சட்டைப்பைக்காரர்கூட எனக்குச் சொந்தக்காரர் ஆகிவிட்டார்.

இப்போது கண்காட்சிக்குப் போனால் நோட்டை முதலில் பின்பக்கமாகக் கவிழ்த்துப் பார்க்கிறேன். முன்பக்கத்தில் மன்னர் இருக்கிறார், கையெழுத்து இருக்கிறது, கதை இருக்கிறது. பின்பக்கத்தில் தாள் மட்டும் இருக்கிறது. சாய்த்துப் பார், வெளிச்சத்தில் பிடித்து நீர்க்குறி பார், ஓட்டை பார், விளக்குப் பார் என்று ஐந்தாறு நிமிடம் போவதற்குள் மேசைக்காரருக்கே சலித்துவிடும். அந்த ஐந்தாறு நிமிடத்தில் என் நெஞ்சுப் படபடப்பும் அடங்கிவிடுகிறது. பருத்தி வியாபாரி மூட்டைக்குள் கை விடுவதும் ஒருவேளை பாதி இதற்காகவோ என்னவோ. ஆனாலும் போன தையில், கவிழ்த்துப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பக்கத்திலிருந்தவர் "அதை நான் எடுத்துக்கறேன்" என்று செல்போனை நீட்டிவிட்டார். என் முகம் அப்போது எப்படி இருந்தது என்று மேசைக்காரரைத்தான் கேட்க வேண்டும்.

கடைசியாக ஒன்று. ஐப்பசி மழையில் பீரோவைத் திறந்தபோது, ஆல்பத்துக்குள் ராமபாணம். வெள்ளி மினுக்கோடு வழுக்கி ஓடும் அந்தப் பூச்சிக்குக் காகிதத்தைவிடக் காகிதத்தில் உள்ள மாவுப் பசையில்தான் உயிர். பழைய புத்தகங்களின் முதுகை அரிப்பதும் அதற்காகவே. மழைக் காற்றில் கஞ்சிப் படலம் ஈரத்தைக் குடித்து இளகியிருந்தது. ஒரே பக்கத்தில் ஒன்பது நோட்டு இருந்தன, எட்டைத் தொடவில்லை. டெய்லர் நோட்டின் வலது ஓரத்தை மட்டும் அரம்பம் மாதிரி அரித்திருந்தது. உறையின் அடியில் குண்டூசித் தலையளவு ஒரு துணுக்கு உதிர்ந்து கிடந்தது.

அதை எடுத்து வெள்ளைப் பீங்கான் தட்டில் வைத்தேன். அந்தக் காலப் பணத்தாளுக்கு மேற்பூச்சாகப் போட்டது ஜெலட்டின், மாவு அல்ல. மருந்துக் கடையில் வாங்கிய பெட்டாடைனைத் தண்ணீரில் கலந்து ஒரு சொட்டு விட்டேன். மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். தட்டில் சொட்டு வெறும் தேநீர் நிறத்தில் பரவியது. துணுக்கு மட்டும், நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, கருநீலமானது.

"நம்ம பேக்டரி மாவாகூட இருக்கும்டா" என்றார் மாமா.